பிஎச்பிமைஅட்மினில் யூசர்களும் டேட்டாபேஸ்களும்: எதை எங்கே செட் செய்வது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். புது லினக்ஸ் சர்வரில், மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் சர்வரை பிரவுசரிலிருந்தே நிர்வகிக்க உதவும் பிஎச்பிமைஅட்மின் போட்டிருக்கிறீர்கள். எல்லா உரிமையும் உள்ள ரூட் யூசராக உள்ளே போகப் பார்த்தால் 1698 என்று பிழை வருகிறது. வேறொரு யூசரில் போனால், திரையின் அடியில் ‘கான்ஃபிகரேஷன் ஸ்டோரேஜ் முழுதாக அமைக்கப்படவில்லை’ என்று எச்சரிக்கை நிற்கிறது, ‘யூசர் அக்கவுண்ட்ஸ்’ என்ற டேபையே காணோம். நான்கு டெவலப்பர்களுக்கு ஆளுக்கொரு யூசர் வேண்டும், அவரவருக்கு வேண்டிய டேட்டாபேஸ்கள் வேண்டும், ஒருவர் கை இன்னொருவருடையதில் படக் கூடாது. இதற்கெல்லாம் கான்ஃபிக் ஃபைலில் எந்த வரியை மாற்றுவது?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: எந்த வரியையும் இல்லை. யார் எதைத் தொடலாம் என்பது பிஎச்பிமைஅட்மின் முடிவு செய்கிற விஷயமே அல்ல. அதற்கென்று சொந்தமாக ஒரு யூசர் பட்டியல் கிடையாது. லாகின் பக்கத்தில் நீங்கள் தட்டும் பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே மைஎஸ்கியூஎல்லிடம் கொடுக்கிறது. அது உள்ளே விட்டால் இதுவும் விடும், அது மறுத்தால் இதுவும் மறுக்கும். 1998-ல் டோபியாஸ் ராட்ஷில்லர் எழுத ஆரம்பித்த இந்த மென்பொருளின் ஏற்பாடு இதுதான். டேப் காணவில்லை என்றால் அது மறைந்துபோகவில்லை. நீங்கள் நுழைந்திருக்கும் யூசருக்கு மைஎஸ்கியூஎல்லில் அந்த உரிமை இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே வேலை இரண்டாகப் பிரிகிறது. ஃபைலில் செய்வது கொஞ்சம், சர்வருக்குள் செய்வது நிறைய. பலரும் ஃபைலிலேயே நாள் முழுக்கத் தலையை முட்டிக்கொள்வது இந்தப் பிரிவு பிடிபடாததால்தான். (கட்டளைகளையும் செட்டிங் பெயர்களையும் கீழே உச்சரிப்புப்படி எழுதுகிறேன். நீங்கள் வழக்கம்போல் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

முதலில் அந்த 1698. இதையும் 1045-ஐயும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள். 1045 என்றால் பெரும்பாலும் பாஸ்வேர்ட் தப்பு, அல்லது அந்தப் பெயரும் ஹோஸ்டும் (எந்த இயந்திரத்திலிருந்து வருகிறார் என்பது) சேர்ந்த அக்கவுண்ட் இல்லை. 1698 வேறு கதை. உபுண்டுவில் மைஎஸ்கியூஎல் 5.7 முதலும், அதிலிருந்து கிளைத்த மரியாடிபியில் 10.4 முதலும், ரூட் அக்கவுண்ட் பாஸ்வேர்டைப் பார்ப்பதற்குப் பதிலாக, சாக்கெட் வழியாக (அதே இயந்திரத்துக்குள் புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் வாசல்) வந்து கேட்கும் லினக்ஸ் யூசர் யார் என்று பார்க்கும். நீங்கள் டெர்மினலில் சூடோ போட்டு வந்தால் லினக்ஸ் ரூட்டாக வருகிறீர்கள், விட்டுவிடும். பிரவுசர் வழியாக வரும்போது கேட்பது வெப் சர்வரின் யூசர். அவர் ரூட் இல்லையே. எந்தப் பாஸ்வேர்டைப் போட்டாலும் கதவு திறக்காது.

இதற்கு இணையத்தில் அதிகம் கிடைக்கும் வைத்தியம், ரூட்டை பாஸ்வேர்ட் முறைக்கு மாற்றிவிடுவது. வேண்டாம். ரூட் இப்படிப் பூட்டப்பட்டிருப்பது உங்களுக்கு நல்லதுதான்: வெளியிலிருந்து ரூட்டுக்குப் பாஸ்வேர்ட் ஊகித்துப் பார்க்க வருகிறவர்களுக்கு ஊகிக்க ஒன்றுமே இல்லை. அதை அப்படியே விட்டுவிட்டு, டெர்மினலில் சூடோ மைஎஸ்கியூஎல் என்று நுழைந்து, நிர்வாகத்துக்கென்று ஒரு தனி அக்கவுண்ட் உருவாக்குங்கள். பெயர் ‘அட்மின்’ என்றோ ‘ரூட்2’ என்றோ வேண்டாம், யாரும் முதலில் ஊகிக்காத ஒன்றாக இருக்கட்டும். ஹோஸ்ட் லோக்கல்ஹோஸ்ட், அதாவது இதே இயந்திரம். கிரியேட் யூசர் முதலில், அதற்குப் பிறகு கிராண்ட் ஆல், ஸ்டார் டாட் ஸ்டார் மேல் (எல்லா டேட்டாபேஸ், எல்லா டேபிள்), வித் கிராண்ட் ஆப்ஷன் (பிறருக்கும் உரிமை தரும் உரிமை). பழைய பாடங்களில் கிராண்ட் ஒன்றிலேயே யூசரையும் உருவாக்குவார்கள். மைஎஸ்கியூஎல் 8.0-வில் அது போய்விட்டது, இரண்டையும் தனித்தனியாகத்தான் தர வேண்டும். முடித்ததும் ஃப்ளஷ் பிரிவிலெஜஸ் அடிக்க வேண்டியதில்லை. அது உரிமை டேபிள்களை இன்சர்ட், அப்டேட் கொண்டு நேராகக் கிளறியவர்களுக்குத்தான் தேவை. ஆனாலும் விரல் பழக்கத்தில் நானும் அடிக்கிறேன்.

இந்த அக்கவுண்டில் பிரவுசரில் நுழைந்து பாருங்கள். ‘யூசர் அக்கவுண்ட்ஸ்’ டேப் வந்து நிற்கும்.

இனி கான்ஃபிக் ஃபைல். பிஎச்பிமைஅட்மினை நீங்களே இறக்கி விரித்திருந்தால், கான்ஃபிக்.சாம்பிள்.இன்க்.பிஎச்பி என்ற ஃபைலை கான்ஃபிக்.இன்க்.பிஎச்பி என்று நகல் எடுத்து அதில் வேலை செய்யுங்கள். டெபியன், உபுண்டு பேக்கேஜ் என்றால் அது ஈடிசி-க்குள் பிஎச்பிமைஅட்மின் ஃபோல்டரில் இருக்கும். ஃபைலை எல்லோரும் எழுதலாம் என்று பெர்மிஷன் வைத்திருந்தால் பிஎச்பிமைஅட்மின் ஓடவே மறுக்கும். அது நல்ல பிடிவாதம்.

உண்மையில் கவனிக்க வேண்டிய வரிகள் ஐந்தாறுதான்.

ப்ளோஃபிஷ்_சீக்ரெட்: லாகின் செய்தவரின் பாஸ்வேர்ட் குக்கீயில் மறையாக்கம் செய்து வைக்கப்படுகிறது, அதற்கான சாவி இது. ப்ளோஃபிஷ் என்ற முறையை எப்போதோ விட்டுவிட்டார்கள், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 5.2 பதிப்பிலிருந்து சரியாக 32 பைட் இருக்க வேண்டும். மனதில் தோன்றிய வாக்கியத்தைப் போடாதீர்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் ராண்ட், ஹெக்ஸ், 16 என்று கொடுத்தால் 32 எழுத்து வரும், அதை ஒட்டிவிடுங்கள். ஆர்வக்கோளாறில் தமிழில் சாவி வைக்க நினைத்தால், யூடிஎஃப்-8-ல் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு உதைக்கும்.

ஆத்_டைப்: ‘குக்கீ’ என்றே இருக்கட்டும். ‘கான்ஃபிக்’ என்று மாற்றினால் பெயரையும் பாஸ்வேர்டையும் ஃபைலிலேயே எழுதிவைக்கலாம், லாகின் பக்கமே வராது. வசதியாகத்தான் தெரியும். அந்த முகவரியைத் திறக்கிற எவரும் அதே யூசராக உள்ளே இருப்பார் என்பது பிறகுதான் உறைக்கும். சொந்தக் கணினியில், வெளியே தெரியாத இடத்தில் வேண்டுமானால் சரி.

ஹோஸ்ட்: இங்கே ஒரு நுணுக்கம். லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் பிஎச்பி (பிஎச்பிமைஅட்மின் எழுதப்பட்ட மொழி) யூனிக்ஸ் சாக்கெட் வழியாகப் போகும். 127.0.0.1 என்று எழுதினால் நெட்வொர்க் வழியாக, 3306 போர்ட்டுக்குப் போகும். இரண்டும் ஒரே இயந்திரம், ஆனால் இரண்டு வாசல். 2002 என்ற எண்ணோடு ‘அப்படி ஒரு ஃபைல் இல்லை’ என்று பிழை வந்தால், பிஎச்பி தேடுகிற இடத்தில் சாக்கெட் ஃபைல் இல்லை என்று பொருள். டாக்கரில், அதாவது ஒவ்வொரு புரோகிராமையும் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள், ஓட்டுகிறீர்கள் என்றால் இரண்டுமே வேலைக்கு ஆகாது. கன்டெய்னருக்குள் 127.0.0.1 என்பது அந்த கன்டெய்னர்தான். டேட்டாபேஸ் சர்வீஸின் பெயரை எழுத வேண்டும். அப்போது மைஎஸ்கியூஎல்லின் கண்ணுக்கு நீங்கள் வெளியூர்க்காரர், ஹோஸ்ட் லோக்கல்ஹோஸ்ட் என்று வைத்து உருவாக்கிய அக்கவுண்ட் அங்கே செல்லாது. நிர்வாக அக்கவுண்டையும் அதற்கேற்ற ஹோஸ்டில் உருவாக்க வேண்டியிருக்கும்.

அலோநோபாஸ்வேர்ட் ஃபால்ஸ் ஆகவே இருக்கட்டும். அலோரூட்டை ஃபால்ஸ் ஆக்கிவிடுங்கள், நிர்வாகத்துக்குத் தனி அக்கவுண்ட் வந்தாயிற்றே. அலோஆர்பிட்ரரிசர்வர் ட்ரூ ஆனால், லாகின் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் எந்த சர்வர் முகவரியையும் தட்டலாம். உங்கள் இயந்திரத்தை வைத்து மற்றவர்களின் கதவைத் தட்டிப் பார்க்க ஒரு வசதி செய்து கொடுத்தது போல ஆகும். தொடாதீர்கள்.

சும்மா விட்டால் 24 நிமிடத்தில் வெளியே தள்ளுகிறது என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள். லாகின்குக்கீவேலிடிட்டி 1440 நொடி, அதுதான் காரணம். கூட்டினால் பிஎச்பியின் சொந்த கான்ஃபிக் ஃபைலான பிஎச்பி ஐஎன்ஐ-யில் செஷன்.ஜிசி_மேக்ஸ்லைஃப்டைமையும் கூட்டுங்கள். ஒன்றை மட்டும் கூட்டினால் பயனில்லை.

அடியில் நிற்கும் எச்சரிக்கை பயப்படும்படியான ஒன்றல்ல. புக்மார்க், வரலாறு, டேபிள்களுக்கிடையிலான உறவு வரைபடம் போன்றவற்றைப் பதிந்துவைக்க பிஎச்பிமைஅட்மினுக்குத் தனக்கென்று ஒரு டேட்டாபேஸ் வேண்டும், அது இல்லை என்று முறையிடுகிறது. நிர்வாக அக்கவுண்டில் நுழைந்து அந்த எச்சரிக்கையிலேயே இருக்கும் ‘ஏன் என்று பார்’ இணைப்பை அழுத்துங்கள், தானே உருவாக்கித் தருவதாகச் சொல்லும், சரி என்றால் போதும். இல்லாவிட்டால் எஸ்கியூஎல் ஃபோல்டரில் இருக்கும் கிரியேட்_டேபிள்ஸ் ஃபைலை இம்போர்ட் செய்யலாம். இதற்கென்று கண்ட்ரோல்யூசர் ஒன்று வைப்பது வழக்கம். அந்த யூசருக்கு அந்த ஒரு டேட்டாபேஸில் செலக்ட், இன்சர்ட், அப்டேட், டெலிட் மட்டும் போதும். அதன் பாஸ்வேர்ட் கான்ஃபிக் ஃபைலில் வெறும் எழுத்தாக இருக்கப்போகிறது, ஆகவே ரூட்டையோ நிர்வாக அக்கவுண்டையோ அங்கே எழுதிவிடாதீர்கள். நான் பார்த்த சர்வர்களில் அப்படி எழுதியிருந்தவை ஒன்றிரண்டு அல்ல. இரண்டடுக்கு லாகின் வேண்டுமென்றாலும் இந்த ஸ்டோரேஜ் இருந்தாக வேண்டும்.

இப்போது உங்கள் நால்வர். ‘யூசர் அக்கவுண்ட்ஸ்’ டேபில் ‘ஆட் யூசர் அக்கவுண்ட்’ அழுத்தினால் வரும் பக்கத்தில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள், அதனால் அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒருவரை மலர் என்று வைத்துக்கொள்வோம்.

யூசர்நேம் கட்டத்தில் மலர். அடுத்து ஹோஸ்ட்நேம். அங்கே முன்பே ‘எனி ஹோஸ்ட்’ என்று தேர்வாகியிருக்கும், பக்கத்தில் ஒரு சதவீதக் குறி. எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம் என்று அர்த்தம். பிஎச்பிமைஅட்மினும் டேட்டாபேஸும் ஒரே இயந்திரத்தில் இருந்தால், மலர் தன் வீட்டிலிருந்து பிரவுசரைத் திறந்தாலும் மைஎஸ்கியூஎல்லுக்கு அது லோக்கல்ஹோஸ்ட்தான், ஏனென்றால் உண்மையில் வந்து பேசுவது பிஎச்பி. ஆகவே ‘லோக்கல்’ என்று மாற்றுங்கள்.

மைஎஸ்கியூஎல்லில் ஒரு அக்கவுண்ட் என்பது பெயர் மட்டுமல்ல, பெயரும் ஹோஸ்டும் சேர்ந்த ஜோடி. லோக்கல்ஹோஸ்டில் மலரும் சதவீதக் குறியில் மலரும் இரண்டு வேறு ஆட்கள். பாஸ்வேர்ட் வேறு, உரிமைகள் வேறு. ‘ஒரு யூசருக்கு உரிமை கொடுத்தேன், ஆனால் கொடுத்தது தெரியவே மாட்டேன் என்கிறது’ என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது பட்டியலில் அந்தப் பெயர் எத்தனை முறை இருக்கிறது என்றுதான். பெரும்பாலும் இரண்டு இருக்கும். பழைய சர்வர்களில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பெயரே இல்லாத ஒரு யூசர் லோக்கல்ஹோஸ்டில் இருப்பார். சர்வர் யாரென்று பொருத்திப் பார்க்கும்போது ஹோஸ்ட் குறிப்பாக எழுதப்பட்ட வரிசையைத்தான் முதலில் எடுக்கும். மலர் சதவீதக் குறியில் மட்டும் இருந்தால், லோக்கல்ஹோஸ்டிலிருந்து மலர் வரும்போது அந்தப் பெயரில்லாதவரோடு பொருந்திவிடும். பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் 1045 வரும். மண்டை காய்ந்துவிடும். மைஎஸ்கியூஎல்_செக்யூர்_இன்ஸ்டலேஷன் ஓட்டினால் அந்தப் பெயரில்லாதவரை அனுப்பிவிடலாம்.

பாஸ்வேர்டுக்கு ‘ஜெனரேட்’ பட்டன் இருக்கிறது, பயன்படுத்துங்கள். அதற்கு மேலே இருக்கும் ஆதென்டிகேஷன் ப்ளகினை மாற்றாதீர்கள். 8.0 முதல் கேஷிங்_ஷா2_பாஸ்வேர்ட்தான் இயல்பானது, பிஎச்பி 7.4 முதல் அதற்கு ஒழுங்கான ஆதரவு உண்டு. பழைய பிஎச்பிக்காக மைஎஸ்கியூஎல்_நேட்டிவ்_பாஸ்வேர்டுக்குப் போகச் சொல்லும் குறிப்புகள் நிறையக் கிடைக்கும். 8.4-ல் அது இயல்பாகவே அணைக்கப்பட்டு, 9.0-ல் அடியோடு எடுக்கப்பட்டுவிட்டது. பிஎச்பியை ஏற்றுவதுதான் வழி.

அதற்குக் கீழே இரண்டு டிக் பெட்டிகள். ‘இதே பெயரில் டேட்டாபேஸ் உருவாக்கி எல்லா உரிமையும் கொடு’ என்பது ஒன்று. ‘யூசர்நேம் அடிக்கோடு எதுவும் என்ற வடிவில் இருக்கும் எல்லாவற்றுக்கும் உரிமை கொடு’ என்பது இரண்டாவது. நீங்கள் கேட்டதற்கு அந்த இரண்டாவதுதான் பதில். அதை டிக் செய்தால், மலர் தானே மலர்_டெஸ்ட், மலர்_புதுசு என்று டேட்டாபேஸ்களை உருவாக்கலாம், அழிக்கலாம். உங்களைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை, மற்றவர்களுடையது கண்ணிலும் படாது. ஒரு சிறு குறிப்பு: இப்படிப் பொதுவடிவில் உரிமை தருவதை மைஎஸ்கியூஎல் 8.2 முதல் கைவிடப்போகும் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். இன்று வேலை செய்கிறது. நால்வர் விஷயத்தில் இதையே வைத்துக்கொள்ளலாம், ஐம்பது பேர் என்றால் டேட்டாபேஸை நீங்களே உருவாக்கி ஒவ்வொன்றுக்கும் தனியாக உரிமை கொடுக்கும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த அடிக்கோட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். திரையில் அடிக்கோட்டுக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அச்சுப் பிழை இல்லை அது. கிராண்டில் டேட்டாபேஸ் பெயர் எழுதும்போது வெறும் அடிக்கோடு என்றால் ‘ஏதாவது ஓர் எழுத்து’ என்று பொருள். பின்சாய்கோடு இல்லாமல், மலர், அடிக்கோடு, சதவீதக் குறி என்று நீங்கள் டெர்மினலில் கையால் தட்டினால், மலர்_டெஸ்ட் மட்டும் அல்ல, மலர்விழி என்ற டேட்டாபேஸும் அதில் அடங்கிவிடும். மலருக்கும் மலர்விழிக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை என்றால் நல்ல சண்டை ஒன்று காத்திருக்கிறது. பிஎச்பிமைஅட்மின் பின்சாய்கோட்டைத் தானே போட்டுக்கொள்கிறது. கையால் எழுதுகிறவர்கள்தான் மறக்கிறார்கள்.

இன்னும் கீழே ‘குளோபல் பிரிவிலெஜஸ்’ என்று பெரிய பெட்டி, தலையில் ‘செக் ஆல்’. இதைத் தொடவே வேண்டாம், காலியாக விட்டு ‘கோ’ அழுத்துங்கள். இங்கே டிக் செய்வது சர்வரில் உள்ள எல்லா டேட்டாபேஸுக்கும் செல்லும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று செக் ஆல் போட்டுவிட்டு, பிறகு டேட்டாபேஸ் அளவில் உரிமையைக் குறைத்துப் பார்ப்பார்கள், குறையாது. உரிமைகள் கூட்டல் கணக்கில்தான் சேரும், இயல்பான அமைப்பில் மேலே கொடுத்ததைக் கீழே கழிக்க முடியாது.

குளோபலில் இரண்டு உரிமைகளை மட்டும் பெயர் சொல்லி எச்சரிக்கிறேன். ஒன்று ஃபைல். இது இருப்பவர் ஒரு செலக்டின் விளைவை சர்வரின் டிஸ்கில் ஃபைலாக எழுதலாம், டிஸ்கில் உள்ள ஃபைலைப் படிக்கவும் செய்யலாம். எங்கே எழுதலாம், படிக்கலாம் என்று கட்டுப்படுத்தும் செக்யூர்_ஃபைல்_ப்ரிவ் தளர்வாக இருந்து, வெப் ஃபோல்டரில் எழுத இடமும் இருந்தால், அங்கே ஒரு பிஎச்பி ஃபைலை எழுதி சர்வரையே கைப்பற்றிவிடலாம். மற்றொன்று ப்ராசஸ். எல்லோருடைய ஓடும் குவெரிகளையும் பார்க்க வைக்கும், அதில் என்னென்ன தகவல் இருக்கும் என்று சொல்ல முடியாது.

டெவலப்பர்களை விட்டுவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் அப்ளிகேஷனுக்கு ஓர் அக்கவுண்ட் என்றால் இன்னும் இறுக்கிப் பிடியுங்கள். அதற்கு செலக்ட், இன்சர்ட், அப்டேட், டெலிட் போதும். டேபிள் மாற்றும் வேலையை மைக்ரேஷனுக்கென்று இன்னொரு அக்கவுண்ட் பார்க்கட்டும். அப்ளிகேஷன் கோடில் இன்ஜெக்ஷன் ஓட்டை (உள்ளீட்டு வழியாக எஸ்கியூஎல் கட்டளையை நுழைக்க இடம்) ஒன்று இருந்து, யாரோ ட்ராப் டேபிள் அனுப்பினாலும், கை ஓங்கத்தான் முடியும், அடி விழாது. (டெலிட் இருக்கிறதே என்கிறீர்களா? ஆம், அதற்குத்தான் பேக்அப்.)

ஹைட்_டிபி என்று ஒரு செட்டிங் கண்ணில் படும், அதில் பெயர் எழுதினால் இடது பக்கப் பட்டியலில் அந்த டேட்டாபேஸ் தெரியாது. சிலர் இதையே பாதுகாப்பு என்று நம்பிவிடுகிறார்கள். எஸ்கியூஎல் பெட்டியில் பெயரைத் தட்டினால் வந்துவிடும். பட்டியலைச் சுத்தமாக வைக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

டேட்டாபேஸ் உருவாக்குவதில் சொல்ல அதிகம் இல்லை. பெயர், கொலேஷன் (எழுத்துகளைச் சேமித்து ஒப்பிடும் முறை), கிரியேட். கொலேஷனில் யூடிஎஃப்8எம்பி4 என்று தொடங்கும் ஒன்றை எடுங்கள். வெறும் யூடிஎஃப்8 என்பது மைஎஸ்கியூஎல்லில் 3 பைட் வரைதான் தாங்கும், தமிழ் அதில் அடங்கிவிடும், இமோஜி அடங்காது. அந்த வரியைச் சேமிக்கும்போது பிழை வரும், அல்லது சர்வரின் மோடைப் பொறுத்து பாதியில் வெட்டுப்படும். மைஎஸ்கியூஎல் 8-ன் இயல்பான கொலேஷன் பெயரில் 0900 என்ற எண் இருக்கும். நாளைக்கு ஒரு பழைய மரியாடிபிக்குக் கொண்டுபோகும் வாய்ப்பு இருந்தால் அதைத் தவிர்த்து யூனிகோட்_சிஐ எடுங்கள், இல்லாவிட்டால் இம்போர்ட்டில் ‘இந்தக் கொலேஷன் தெரியாது’ என்று நிற்கும்.

பெயர் மாற்றுவதுதான் விவகாரம். ‘ஆபரேஷன்ஸ்’ டேபில் ‘ரீநேம் டேட்டாபேஸ் டு’ என்று அப்பாவியாக ஒரு கட்டம் இருக்கிறது. மைஎஸ்கியூஎல்லில் டேட்டாபேஸின் பெயரை மாற்ற ஒரு கட்டளையே கிடையாது. 5.1 காலத்தில் சேர்த்துப் பார்த்து, ஆபத்தானது என்று சீக்கிரமே எடுத்துவிட்டார்கள். பிஎச்பிமைஅட்மின் செய்வது, புதுப் பெயரில் ஒன்றை உருவாக்கி, உள்ளே இருப்பதையெல்லாம் அங்கே கொண்டுபோய், பழையதை அழிப்பது. பெரிய டேட்டாபேஸில், நடுவில் டைம்அவுட் ஆனால் என்ன நிலையில் நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ‘அட்ஜஸ்ட் பிரிவிலெஜஸ்’ என்று இருக்கும் டிக்கை விட்டால், உரிமைகள் பழைய பெயரிலேயே தங்கிவிடும்.

தங்கிவிடும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். டேட்டாபேஸை அழித்தாலும் அதன்மேல் கொடுத்த உரிமைகள் அழியாது. மலர்_டெஸ்டை அழித்துவிட்டு ஆறு மாதம் கழித்து வேறு யாருக்கோ அதே பெயரில் ஒன்றை உருவாக்கினால், பழைய ஆள் எந்தச் சத்தமும் இல்லாமல் உள்ளே வரலாம். அழித்த கையோடு ரிவோக் கொடுத்து அந்த உரிமைகளையும் பறித்துவிடுங்கள்.

யூசரை அழிக்கும் பக்கம் இன்னும் மோசம். இது நான் பட்ட பாடு. ஒருவர் வேலையை விட்டுப் போகிறார், அவருடைய அக்கவுண்டை நீக்க வேண்டும். பட்டியலில் அவர் பெயரை டிக் செய்து, கீழே வந்தேன். அங்கே ‘யூசர்களின் அதே பெயரில் இருக்கும் டேட்டாபேஸ்களை அழி’ என்று ஒரு சின்னப் பெட்டி. முதல் நாளில் அவருக்கு யூசர் உருவாக்கியபோது ‘இதே பெயரில் டேட்டாபேஸ்’ என்பதை டிக் செய்தது நான்தான். அந்த டேட்டாபேஸ் சோதனைக்காக ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரும் பயன்படுத்தும் ஒன்றாக வளர்ந்திருந்தது, எனக்கு அது ஞாபகத்தில் இல்லை. ‘அவருடைய சோதனைக் குப்பைதானே’ என்று டிக் செய்து கோ அழுத்தினேன். ட்ராப் டேட்டாபேஸுக்கு ரோல்பேக் (செய்ததைத் திரும்பப் பெறுவது) கிடையாது. முந்தைய இரவு பேக்அப் இருந்தது, அன்றைய பாதி நாள் வேலை போனது போனதுதான். அதிலிருந்து டேட்டாபேஸுக்கு ஆளின் பெயரை வைப்பதையே விட்டுவிட்டேன். மேலே நான் சொன்ன முன்னொட்டு முறையில் அடிக்கோட்டுக்குப் பின் ஏதாவது இருப்பதால், இந்தப் பெட்டி அவற்றைத் தொடாது. அது எனக்கு அந்த முறை பிடித்துப்போன இன்னொரு காரணம்.

ஒருவருக்குப் பதில் இன்னொருவர் வந்தால், அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம். யூசரின் ‘எடிட் பிரிவிலெஜஸ்’ போய் ‘லாகின் இன்ஃபர்மேஷன்’ பகுதியில், அதே உரிமைகளோடு வேறு பெயரில் நகல் எடுக்கலாம், பழையதை வைத்துக்கொள்ளலாமா நீக்கலாமா என்றும் அதுவே கேட்கும்.

இம்போர்ட் பற்றி ஓரிரு வரி, ஏனென்றால் அடுத்ததாக அதைத்தான் கேட்கப்போகிறீர்கள். 2 எம்பிக்கு மேல் ஃபைல் ஏறவில்லை என்றால் பிஎச்பி ஐஎன்ஐ-யில் அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸ், போஸ்ட்_மேக்ஸ்_சைஸ் இரண்டையும் கூட்டுங்கள். 413 என்று வந்தால் அது என்ஜின்எக்ஸ் வெப் சர்வரின் க்ளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ், இயல்பில் 1 எம்பி. நூற்றுக்கணக்கான எம்பி என்றால் பிரவுசரை விட்டுவிட்டு டெர்மினலுக்குப் போங்கள். அந்த வேலைக்குப் பிறந்தது அதுதான்.

இதையெல்லாம் இணையத்தில் திறந்து வைப்பதா என்பது தனி முடிவு. சர்வர் வெளியே தெரிய ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே வெப் சர்வர் லாகைப் பார்த்தால், பிஎச்பிமைஅட்மின், பிஎம்ஏ, மைஅட்மின் என்று விதவிதமான பாதைகளை பாட்கள் தட்டிப் பார்த்திருப்பது தெரியும். பாதையின் பெயரை மாற்றினால் இந்தச் சத்தம் குறையும், அவ்வளவுதான். என் விருப்பம், வெப் சர்வரை 127.0.0.1-ல் மட்டும் இதைப் பரிமாறச் சொல்லி, எஸ்எஸ்எச் டனல் (சர்வருக்கு மறையாக்கம் செய்த இணைப்பு) வழியாக வருவது. உங்கள் கணினியின் 8080 போர்ட்டை சர்வரின் 80-க்கு இணைத்தால், பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 8080 என்று திறந்துகொள்ளலாம். நால்வரும் டெவலப்பர்கள், எஸ்எஸ்எச் அவர்களுக்குப் புதிதல்ல. முடியாது, வெளியே திறந்தே ஆக வேண்டும் என்றால் எச்டிடிபிஎஸ் கட்டாயம், அதற்கு முன் வெப் சர்வரின் சொந்த பாஸ்வேர்ட் ஒன்று அல்லது ஐபி கட்டுப்பாடு, இவை இரண்டும் சேர்ந்தால் நல்லது. செட்அப் ஃபோல்டரை அழித்துவிடுங்கள். ரிவர்ஸ் ப்ராக்ஸிக்கு (கோரிக்கைகளை முன்னே நின்று வாங்கிக் கடத்தும் சர்வர்) பின்னால் வைத்து, லாகின் செய்ததும் எச்டிடிபிக்குத் தூக்கி எறிகிறது என்றால் பிஎம்ஏஆப்சொல்யூட்யூஆர்ஐ-யில் முழு முகவரியை எழுதுங்கள். மைஎஸ்கியூஎல்லின் பைண்ட்-அட்ரஸ் 127.0.0.1 ஆகவே இருக்கட்டும், 3306 வெளியே தெரிய எந்தக் காரணமும் இல்லை.

சர்வர் மாற்றும் நாளில் ஒன்று இடிக்கும், இப்போதே சொல்லிவைக்கிறேன். ஒரு டேட்டாபேஸை எக்ஸ்போர்ட் செய்தால் அதில் யூசர்கள் வர மாட்டார்கள். அவர்கள் இருப்பது மைஎஸ்கியூஎல் என்ற சிஸ்டம் டேட்டாபேஸில். யூசர் அக்கவுண்ட்ஸ் பட்டியலின் அடியிலேயே எக்ஸ்போர்ட் இருக்கிறது, அதையும் தனியாக எடுங்கள். மறந்தால், டேபிள்கள் எல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கும், வியூ (பெயரிட்டுச் சேமித்துவைத்த குவெரி) ஒன்றைத் திறந்தால் 1449 என்று வரும். அந்த வியூவை உருவாக்கிய யூசர் புது சர்வரில் இல்லை என்று பொருள். ட்ரிக்கருக்கும் (டேபிள் மாறும்போது தானாக ஓடும் கட்டளை) இதே கதிதான்.

எல்லாம் முடித்ததும் ஒரு சோதனை. பிரவுசரில் பிரைவேட் விண்டோ திறந்து மலராக உள்ளே போங்கள். இடது பக்கத்தில் மலரின் முன்னொட்டு உள்ளவையும் இன்ஃபர்மேஷன்_ஸ்கீமாவும் மட்டும் தெரிய வேண்டும் (8.0 முதல் பெர்ஃபார்மன்ஸ்_ஸ்கீமாவும் சேர்ந்து தெரியலாம்). எஸ்கியூஎல் டேபில் ஷோ கிராண்ட்ஸ் ஓட்டினால் இரண்டே வரி வர வேண்டும்: எந்த உரிமையும் இல்லாத ‘யூசேஜ்’ ஒன்று, பின்சாய்கோட்டோடு அந்த முன்னொட்டு ஒன்று. பிறகு இன்னொருவரின் டேட்டாபேஸ் பெயரைப் போட்டு யூஸ் கட்டளை கொடுங்கள். 1044 வந்தால் சரியாகப் பூட்டியிருக்கிறீர்கள். வராமல் உள்ளே போய்விட்டால், அந்த ஷோ கிராண்ட்ஸ் காட்டிய வரிகளை பாஸ்வேர்ட் பகுதியை நீக்கிவிட்டு எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.